ஊசி அக்கா குத்திய தாள்

என் அக்காவுக்கு ஊசி அக்கா என்று பெயர் வைத்தது நான் இல்லை. எங்களோடு வேலை செய்த எல்லோரும் சேர்ந்து வைத்தது. கையில் எந்நேரமும் ஊசி இருக்கும், நாக்கும் அதற்கு இளைத்ததில்லை. யாராவது பாசமாக, "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டால், "எங்கே, ராத்திரி பூரா உங்க நெனப்புதான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கேட்டவர் அசடு வழிய நிற்க வேண்டியதுதான். கூடப் பிறந்தவன் என்ற முறையில் அந்த நாக்கிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆனாலும் வேறு யாராவது அவளை ஒரு சொல் குறைத்துப் பேசினால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். இதை எழுதுவதே அந்தக் கோபத்தில்தான்.

கோயில் சுவர்களில் சாமி படம் எழுதுவது எங்கள் தொழில். அக்காவின் புருஷன் கோடு போடுபவர். நான் நிறம் நிரப்புபவன். அக்கா தாள் குத்துபவள். இந்தத் தாள் குத்துகிற வேலை வெளியில் பலருக்குத் தெரியாது. மாமா முதலில் படத்தைப் பெரிய தாளில் வரைவார். அதைச் சுவரில் ஒட்டிக் கெடுக்க மனம் வராது. அதனால் அடியில் ஒரு வெறுந்தாளை வைத்து, கோடு போகிற வழியெல்லாம் இரண்டையும் சேர்த்து அக்கா ஊசியால் குத்திக்கொண்டே போவாள். வளையல், நகம், கண்ணிமை எதுவும் தப்பாது. பிறகு மூலப்படம் பத்திரமாகப் பெட்டிக்குள் போய்விடும். வெறும் ஓட்டைகள் மட்டும் இருக்கிற அடித்தாள் சுவருக்குப் போகும். கரித்தூள் கட்டிய துணிப் பொட்டணத்தால் அதன்மேல் ஒற்றினால், தூள் ஓட்டை வழியாக இறங்கி, சுவரில் புள்ளி புள்ளியாகச் சாமி தெரிவார். அந்தப் புள்ளிகளைச் சேர்த்து மாமா கோடு இழுப்பார். நான் நிறம் போட்டு முடித்ததும் மேலே கறுப்பில் கடைசிக் கோடு போடுவதும் அவர்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வெறுந்தாளில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஊசி நுழைந்த பக்கம் வழுவழுப்பாக இருக்கும், வெளியே வந்த பக்கம் சொரசொரப்பாக இருக்கும். சொரசொரப்பு சுவரைப் பார்க்க வேண்டும். மாற்றி ஒட்டினால் சாமி கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிவிடுவார், வலது கை இடது கையாகிவிடும். வாசலின் இரு பக்கமும் நிற்கிற காவல் தெய்வங்களுக்கு மட்டும் வேண்டுமென்றே ஒரே தாளைத் திருப்பி ஒட்டுவோம். வேறு எந்தச் சாமியிடமும் அந்த விளையாட்டு கூடாது.

இனி அந்தப் பெரிய மனிதரைப் பற்றி. மாமாவுக்கு வேலையிடத்தில் ரசமட்டம் என்று பெயர். சுவர் கோணலா என்று பார்க்கக் கொத்தனார் வைப்பாரே, அதே ரசமட்டம்தான். ஒருவர் வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன்பே அந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கல்யாணம் ஆன புதிதில் அக்கா முதன்முதலாகச் சமைத்துப் போட்டபோது, சாப்பாடு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டு மேசையின் நடுவில் இல்லை என்று சொன்னார். அடுத்த வேளை அக்கா தட்டை நடுவில் வைத்தாள். உள்ளே எதுவும் வைக்கவில்லை. அவர்களுடைய குடித்தனம் அப்படித்தான் ஆரம்பித்தது.

மற்ற ஓவியர்கள் அவரைக் கண்டால் சாரத்தின் மறுபக்கமாக இறங்கி ஓடுவார்கள். அடுத்தவர் எழுதிய படத்தின் முன்னால் நின்று, நாலு பேர் கேட்க, "இது காலா, கத்தரிக்காயா?" என்பார். புரொஜெக்டர் வைத்துச் சுவரில் படத்தைக் காட்டி, அதன்மேல் கோடு போடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களை மனிதர்களாகவே மதிக்க மாட்டார். "சுவத்துல சினிமா காட்டுறவன்" என்பார். அவருடைய கோடு நன்றாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் என் கண் அவிந்துவிடும். ஆனால் அத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து "என் தப்பு" என்று ஒரு தடவை வந்து நான் கேட்டதில்லை. தூரிகை கீழே விழுந்தாலும் பலகைதான் ஆடியிருக்கும்.

அவர்கள் குடியிருந்தது ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், இரண்டே அறை. முன்னறையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மேசை. அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளி, கம்பளியின்மேல் தாள், தாளின்மேல் குனிந்த அக்கா. சாப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் சுருட்ட வேண்டும் என்பதால் எல்லோரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். நான் பக்கத்துத் தெருவில் இருந்தேன். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாட்களில் என் பாடு திண்டாட்டம். "டேய், உங்க மாமாகிட்ட தண்ணி பிடிச்சு வைக்கச் சொல்லு" என்பாள், அவர் அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது. "குழாயில தண்ணி வரலன்னு உங்க அக்காகிட்ட சொல்லு" என்பார் அவர். நடுவில் நான் தந்திக் கம்பி.

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கிடங்குக் கோயில் வேலை வந்தது.

நகரத்து ஓரத்தில் ஒரு பழைய கிடங்கை வாங்கிக் கோயிலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே தகரக் கூரை, தரையில் புதுக் கல், நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர். உள்ளே ஒருவர் இருமினால் இரண்டு தடவை கேட்கும். கோயில் குழுவின் தலைவர் நல்ல மனிதர், எதைக் கேட்டாலும் தலையாட்டுவார், யார் கேட்டாலும் ஆட்டுவார். பெரிய மண்டபத்தின் பக்கவாட்டில் குறுகலான ஒரு நடை. அதன் சுவரில் அர்த்தநாரி எழுத வேண்டும் என்றார். பாதி சிவன், பாதி அம்மன், ஒரே உடம்பு. அம்மன் இருப்பது சாமியின் இடப்பாதியில். இதைத் தெரிந்துகொள்ள யாரும் ஓவியராக இருக்க வேண்டியதில்லை, கோயிலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் எங்கள் தொழிலில் இடம் வலம் என்பது பெரிய தொல்லை. சாமிக்கு இடது பக்கம் என்றால் எதிரே நிற்கிற நமக்கு வலது பக்கம். "இடது கையில பச்சை போடு" என்று மாமா சொன்னால், "சாமிக்கு இடதா, நமக்கு இடதா?" என்று கேட்டுக்கொண்டே காலம் கழித்தவன் நான். கேட்டுக் கேட்டு, கடைசியில் கோட்டைப் பார்த்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகிவிட்டேன். புடவை இருக்கிற பாதி பச்சை, புலித்தோல் இருக்கிற பாதி சிவப்பு. அதற்கு மேல் யோசிக்க எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை.

தாளை ஒட்ட வேண்டிய அன்று காலையில் வீட்டில் ஒரு சண்டை. வேலை செய்தவர்களின் பெயரை நடையின் வாசலில் ஒரு சின்னப் பலகையில் போடலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். மாமா சட்டை போட்டுக்கொண்டே அதைச் சொன்னார். கோடு என்று தன் பெயர், நிறம் என்று என் பெயர்.

"தாள்?" என்று கேட்டாள் அக்கா, குனிந்த தலை நிமிராமல்.

"ஓட்டை போடுறதுக்கெல்லாம் பேரா? அப்படிப் பார்த்தா சாரத்துக்கு ஆணி அடிச்சவன் பேரையும் போடணும்."

"போடுங்க. அவனாவது ஆணியை நேரா அடிச்சிருக்கான்."

மாமாவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. தாளை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார். பேருந்தில் வழி முழுக்க என்னிடம் அவளைப் பற்றி ஒரு குறை விடாமல் சொன்னார். அவள் தம்பியிடமே சொல்கிறோமே என்ற கூச்சம் கூட இல்லை. நடைக்குள் நுழைந்ததும் அதே வேகத்தில் தாளை விரித்து, சுவரில் ஒட்டி, பொட்டணத்தால் படபடவென்று ஒற்றினார். அவர் விரலால் தடவிப் பார்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை. நான் நிறம் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சாரம் ஏறி, மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக வேலை நடந்தது. நடை குறுகல், சாரத்துப் பலகைகள் படத்தைக் குறுக்கே மறைத்துக்கொண்டிருந்தன. பின்னால் போய் நின்று முழுதாகப் பார்க்க வழியே இல்லை. மூக்கு உரசுகிற தூரத்தில் முதலில் கிரீடம், பிறகு முகம், பிறகு மார்பு. அக்ரிலிக் நிறம் உடனே காய்ந்துவிடுவதால் நானும் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, கோடு பிரமாதம். அம்மன் பாதியின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வைத்திருந்தார். வீட்டில் எந்தச் சிரிப்பையும் அவர் பார்த்திருக்க முடியாது, எங்கிருந்து பிடித்தாரோ.

சாரத்தைப் பிரித்த அன்று குழுவினர் எல்லோரும் பார்க்க வந்திருந்தார்கள். கொத்தனார், மின்சார வேலைக்காரர், பக்கத்துக் கடைக்காரர் என்று ஒரு கூட்டமே இருந்தது. அக்கா அடுத்த படத்துக்கான தாளைக் கொடுக்க வந்தவள், மண்டபத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். எல்லோரும் ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அம்மன் எப்போ வலப்பக்கம் வந்தா?"

ஆகா ஓகோ நின்றது. தலைவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு திரும்பி நின்று மறுபடி தூக்கிப் பார்த்தார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. மற்றவர் கோணலைத் தேடியே வயதான கண், தன் படத்தின் முன்னால் திருதிருவென்று விழித்தது. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் கூட நீடிக்கவில்லை.

"இவ பண்ணின வேலை!" என்று கத்தினார் மாமா, அக்காவை நோக்கிக் கையை நீட்டி. "படத்தைக் குப்புறத் திருப்பிப் போட்டுக் குத்தியிருக்கா. மனசு வேலையில இருந்தாத்தானே! பேரு வேணும், பேரு வேணும்னு அலைஞ்சா இப்படித்தான். என் மானத்தையே வாங்கிட்டா!"

தகரக் கூரை ஒவ்வொரு சொல்லையும் இரண்டாவது தடவை சொன்னது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். யாருக்கும் வழுவழுப்பும் தெரியாது, சொரசொரப்பும் தெரியாது. தலைவர் அருகில் வந்து, "பரவாயில்லம்மா, வீட்டு வேலைக்கு நடுவுல செய்யறீங்க, கவனம் பிசகத்தான் செய்யும்" என்று சமாதானம் சொன்னார். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ கொண்டுவந்த தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடி, "ஏன்க்கா பேசாம வந்துட்டே?" என்று கேட்டேன்.

"தாளைப் பார்க்காம எப்படிடா பேசுறது? ஒருவேளை நான்தான் தப்பாக் குத்தியிருந்தா?"

வேலை முடிந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சுருட்டி வைப்பது வழக்கம். அக்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் அதை எடுத்து மேசையில் விரித்தாள். ஒரு பக்கம் முழுக்க கரி. கண்ணை மூடிக்கொண்டு கரிப் பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். சொரசொரவென்று இருந்தது. வழுவழுப்பில் விழ வேண்டிய கரி சொரசொரப்பில் விழுந்திருந்தது. பெட்டியிலிருந்து மூலப்படத்தையும் எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. அவள் குத்தியது சரி. ஒட்டியவர்தான் மாற்றி ஒட்டியிருக்கிறார். "அப்பாடா" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

மாமா வந்ததும் தாளை நீட்டினாள். அவர் வாங்கினார். பழக்க தோஷம், கட்டைவிரல் தானாகப் போய்த் தடவியது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அது போதும் என்று நான் நினைத்த நேரத்தில், அந்த மனிதர் தாளைக் கசக்கிச் சுருட்டி, தரை துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் அமுக்கினார்.

"பழைய குப்பையெல்லாம் வீட்டுல எதுக்கு?" என்றார்.

தாள் கூழாகி, தண்ணீர் கறுத்தது. நான் அவரை அடிக்கப் போயிருப்பேன். அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"தாள் போகட்டும். அங்க வெச்சுச் சொன்னீங்க. அங்கேயே, அதே ஆளுங்க முன்னாடி, அவ தப்பு இல்ல, என் தப்புன்னு சொல்லுங்க."

"சுவத்துல வெள்ளையடிச்சிட்டு மறுபடி எழுதினா முடிஞ்சுது. இதைப் போய்ப் பெருசு பண்றியே."

"சுவத்துல வெள்ளையடிக்கலாம். என் மேல பூசினதை என்ன பண்ணப் போறீங்க?"

"வேற வேலை இல்ல உனக்கு."

"இல்லதான். இனிமே இல்ல." ஊசிகளைத் துணியில் குத்தி, சுருட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள். அதுதான் மாமாவுக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன், அவர் கட்டியதில் கொண்டுபோய்க் கோத்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் என் தந்தி வேலையும் போய்விட்டது. அனுப்புவதற்கு யாரிடமும் செய்தியே இல்லை. அக்கா சமைத்தாள், துணி துவைத்தாள், மேசையில் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். மாமா அடுத்த படத்துக்குத் தானே தாள் குத்தப் பார்த்தார். விரலில் குத்திக்கொண்டார், தாளைக் கிழித்தார், ஊசி வளைந்துவிட்டது என்று ஊசியைத் திட்டினார். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? ஒரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். குறுகலான நடையில் அதைப் பின்னால் தள்ளி வைக்க இடமில்லாமல், சாமி முழங்கால் உயரத்துக்குத்தான் விழுந்தார். அதையும் என்னைத்தான் பிடிக்கச் சொன்னார். நான் நன்றாக ஆட்டி ஆட்டிப் பிடித்தேன்.

அர்த்தநாரிக்கு வெள்ளையடிக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் கோயிலைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி கைப்பேசியில் அந்தப் படத்தை வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். கூடவே, சாமி தன் வலப்பக்கத்தை அம்மனுக்கு விட்டுக்கொடுத்து நிற்கிற படம் இது, இப்படி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று பேசியும் இருந்தார். நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். வேலை முடியாத கோயிலுக்குள், சிமெண்டு மூட்டைகளைத் தாண்டிக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், வேலை முடித்து வருகிறவர்கள், மருமகளைக் கூட்டிவந்த மாமியார்கள். புருஷனை இழுத்துக்கொண்டு வந்து, "நல்லாப் பாருங்க" என்று முன்னால் நிறுத்திய ஒருத்தியையும் பார்த்தேன். வெள்ளையடிக்கிற பேச்சைத் தலைவர் அப்படியே விட்டுவிட்டார்.

மாமா முதல் நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். இரண்டாம் நாள் கூட்டத்தின் ஓரமாக நின்று கேட்டார். மூன்றாம் நாள் தலைவர் பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லணும்னா, இது என் மனசுல ரொம்ப நாளா இருந்த ஒரு யோசனை..."

தலைவர் கள்ளங்கபடம் இல்லாமல் அவரைப் பார்த்தார். "அது எப்படி? உங்க வீட்டம்மா பண்ணினதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாங்க எல்லாரும் கேட்டோமே."

என் கையிலிருந்த பச்சை கீழே கொட்டியது. அப்படி நான் எந்தக் காலத்திலும் சிரித்ததில்லை. மாமா ஊர் கேட்கப் போட்ட பழி ஊர் கேட்கவே பெருமையாகி, அவர் கைக்கு எட்டாமல் அவளிடம் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, படத்தின் கருத்தை அந்த அம்மாவே மைக்கில் விளக்க வேண்டும் என்று தலைவர் ஏற்பாடு செய்துவிட்டார்.

நான் தலைகால் புரியாமல் மாடிப்படி ஏறி ஓடினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்துவிட்டு, "விடாதேக்கா! ஆமா, நான்தான் யோசிச்சேன்னு ஒரே போடு போடு. மனுஷன் வயிறு எரிஞ்சே சாகட்டும்" என்றேன்.

"நான் பண்ணாததுக்கு எனக்கு எதுக்குடா பேரு?"

"அப்போ வர மாட்டியா?"

"வராம? அதே ஆளுங்க வருவாங்கல்ல?"

"வருவாங்க."

"கொத்தனார்?"

"எல்லாரும்தான்."

"அப்போ வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்காலி பற்றவில்லை. மாமா புதுச் சட்டையில் முதல் வரிசையில் இருந்தார். கடைசி வரிசையில் மற்ற ஓவியர்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கத்தரிக்காய்க் கால் போட்டவரும் இருந்தார். அவர்கள் படம் பார்க்க வரவில்லை. ரசமட்டத்துக்கு இடம் வலம் தெரியவில்லையாம் என்ற செய்தி அவர்களுக்கும் போயிருந்தது.

தலைவர் நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு மைக்கை அக்காவிடம் கொடுத்தார். அவள் அதை ஒரு தடவை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இந்தப் படத்தைப் பத்தி எல்லாரும் நல்லபடியாச் சொல்றீங்க. சந்தோஷம். ஆனா இது என் யோசனை இல்ல. நான் தாள் குத்துறவ. சரியாத்தான் குத்திக் கொடுத்தேன். ஒட்டினவர் தாளை மாத்தி ஒட்டிட்டார். ஒட்டிட்டு, இதே இடத்துல நின்னு, உங்க எல்லார் முன்னாலயும் நான்தான் கெடுத்தேன்னு சொன்னார். அது பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தலைவர் பாதி எழுந்து, "அம்மா, அதெல்லாம் எதுக்கு இப்போ, எல்லாம் நல்லதுக்குத்தானே..." என்று பூசி மெழுகப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மாமாவைப் பார்த்தாள்.

"நான் சொல்றது பொய்யா? எந்திரிச்சுச் சொல்லுங்க."

மாமா எழுந்தார். வேறு வழியில்லை, மண்டபமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம், அவள்தான் செய்தாள் என்று சாதித்தால் அத்தனை பெருமையும் அவளுக்குப் போகும். வேண்டுமென்றே நானே செய்தேன் என்றால், அன்றைக்கு அவளைத் திட்டியது பொய் என்று ஆகும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அவர் நடுவழியைத்தான் பிடித்தார்.

"அது வந்து... ஒரு கலைஞனோட மனசுல சில நேரம்..."

"வேணும்னுதான் போட்டீங்களா?" என்றாள் அக்கா. "அம்மன் எந்தப் பக்கம்னு தெரிஞ்சே மாத்திப் போட்டீங்களா? இல்ல, எந்தப் பக்கம்னே தெரியாதா?"

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். அதுதான் அவரைக் கவிழ்த்தது. திரும்பிப் பார்த்தார், முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது.

"யாருக்குத் தெரியாது? எனக்கா? இந்தக் கையால எத்தனை அர்த்தநாரி எழுதியிருக்கேன்! நான் போய் வேணும்னு அம்மனை வலப்பக்கம் போடுவேனா?"

"போட மாட்டீங்க."

"மாட்டேன்!"

"நான் குத்தின மூலப்படம் வீட்டுல இருக்கு. அதுல அம்மன் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்தான். நான் வரைஞ்சது, எனக்குத் தெரியாதா?"

"அப்போ சுவத்துல எப்படி வலப்பக்கம் வந்துச்சு?"

அவருடைய கோபமே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுவந்து அந்த இடத்தில் விட்டிருந்தது. குழுவினர் பார்த்தார்கள், கொத்தனார் பார்த்தார், மின்சார வேலைக்காரர் ஏணியில் உட்கார்ந்து பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். கோடு போடும்போது கல் மாதிரி நிற்கிற கை, சட்டை நுனியைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு பொட்டு இரக்கமும் வரவில்லை. அந்த வாளித் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"மாத்தி ஒட்டிட்டேன்" என்றார். பக்கத்து நாற்காலிக்குத்தான் கேட்டிருக்கும்.

அக்கா மேடையிலிருந்து இறங்கினாள். மைக்கின் கம்பி பின்னால் இழுபட, நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"அன்னிக்குக் கூரையே அதிர்ற மாதிரி சொன்னீங்க. இன்னிக்கும் அப்படியே சொல்லுங்க."

அவள் கை அசையவில்லை.

"தாளை நான்தான் மாத்தி ஒட்டினேன்" என்றார் மாமா. "அவ சரியாத்தான் குத்தினா. தப்பு என்னுது."

தகரக் கூரை அதை வாங்கி, தப்பு என்னுது என்று இன்னொரு தடவை சொன்னது.

கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அக்கா மைக்கைத் தலைவரிடம் கொடுத்தாள். "படத்தை வெச்சுக்கறதா, அழிக்கறதான்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

"அதான் சொல்லிட்டாரேக்கா" என்றேன்.

"நாலு வார்த்தைடா" என்றாள். "இந்த நாலு வார்த்தைக்கு இவ்வளவு அடிச்சுக்க வேண்டியிருக்கே."